நீலம் வெளுத்தால், கறுத்தால், உதிர்ந்தால்: அரிய நீலக் கனிமங்களில் கோளாறு காணும் முறை

மும்பையில் கனிமம் சேர்ப்பவருக்கு வாய்ப்பும் சோதனையும் ஒரே ஊரிலேயே அமைந்துவிடுகின்றன. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பாய்ந்து உறைந்த தக்காணப் பாறையின் மேல்தான் நாம் குடியிருக்கிறோம். அந்தப் பாறையின் பொந்துகளில் வளர்ந்த படிகங்களைத் தேடி உலகின் பல மூலைகளிலிருந்தும் புணேவுக்கும் நாசிக்குக்கும் ஆட்கள் வருகிறார்கள். ஆனால் வாங்கி வந்த கல்லை வைக்கும் வீடு கடற்காற்று வீசும் வீடு. ஜூன் முதல் செப்டம்பர் வரை பீரோவுக்குள் மடித்து வைத்த பட்டுப் புடவையே பூசணம் பூக்கும் வீடு. செம்பூரில் பதினெட்டு ஆண்டுகளாக நீல நிறக் கனிமங்களை மட்டும் சேர்த்து வருபவன் என்ற முறையில், எனக்கும் நண்பர்களுக்கும் நேர்ந்த கோளாறுகளை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மனத்தில் பதிய வேண்டியது ஒன்று உண்டு. அசுரைட்டின் நீலமும் மயில்துத்தத்தின் நீலமும் செம்பினால் வருபவை. கேவன்சைட்டின் நீலம் வனேடியத்தினால் வருவது. லாபிஸ் லசூலியின் நீலம் கந்தகத்தினால் வருவது. விவியனைட்டின் நீலம் இரும்பு காற்றிலும் ஒளியிலும் மாறுவதால் வருவது. நீல ஹாலைட்டின் நிறமோ படிகத்தின் அணுக்கட்டமைப்பில் கதிரியக்கம் விட்டுச் சென்ற குறையினால் வருவது. கண்ணுக்கு ஒரே நிறமாகத் தெரிந்தாலும் இவை ஒவ்வொன்றுக்கும் நோயும் வேறு, மருந்தும் வேறு. ஒன்றைக் காப்பாற்றும் சிகிச்சை பக்கத்துப் பெட்டியில் இருப்பதைக் கொன்றுவிடும். ஆகவே, அறிகுறியைக் கண்டவுடன் கையை நீட்டாமல், அது எந்தக் கல்லின் அறிகுறி என்று முதலில் கேளுங்கள்.

தொடும் முன்பு

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் உருப்பெருக்கி, சிறிய புற ஊதா டார்ச், மென்மையான தூரிகை, காய்ச்சி வடித்த நீர், பெட்டிக்குள் வைக்கும் அளவுக்குச் சிறிய ஈரப்பதமானி ஆகியவை போதும். கோளாறு தெரிந்த நாளிலேயே, வெள்ளைக் காகிதத்தின் மேல் கல்லை வைத்து, எப்போதும் எடுக்கும் அதே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மயில்துத்தம் நஞ்சு, லினரைட் போன்ற சில நீலக் கனிமங்களில் ஈயம் இருக்கிறது. ஆகவே கையாண்ட பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும், சமையல் மேடையில் வைத்து வேலை செய்யாமல் இருப்பதும், தூளை வாயால் ஊதாமல் இருப்பதும் கட்டாயம்.

நீலம் வெளுத்து, மேலே வெள்ளைத் தூள் படிந்தால்

மும்பையில் இந்த அறிகுறியைக் கண்டவர் எல்லாரும் முதலில் ஈரத்தைத்தான் குற்றம் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன், மே மாதக் கடைசியில், மழைக்கு முன்னேற்பாடாக எல்லாப் பெட்டிகளிலும் ஒன்று விடாமல், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு மூடினேன். ஜூலையில் திறந்து பார்த்தபோது, கண்ணாடி போலப் பளபளத்த கால்கந்தைட் படிகத்தின் விளிம்பெல்லாம் திருநீறு பூசியது போல வெளுத்திருந்தது. நுனியைத் தூரிகையால் தொட்டதும் அந்த வெண்மை மாவாக உதிர்ந்தது. அதன் கீழே இருந்த நீலமும் பளபளப்பை இழந்து சொரசொரப்பாக இருந்தது.

கால்கந்தைட் என்பது இயற்கையில் கிடைக்கும் மயில்துத்தமே. அதன் ஒவ்வொரு மூலக்கூறும் ஐந்து நீர் மூலக்கூறுகளைத் தன்னோடு கட்டி வைத்திருக்கிறது. அந்த நீர் இருக்கும்வரைதான் நீலமும் படிக வடிவமும் நிலைக்கும். அறை வெப்பத்தில், சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 30 முதல் 35 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், படிகம் தன் நீரை வெளியே விடத் தொடங்குகிறது. மும்பைக் காற்று அந்த அளவுக்கு இறங்குவது அரிது. ஆனால் புதிய சிலிக்கா ஜெல் போட்டு இறுக மூடிய சிறு பெட்டிக்குள் அது எளிதாக இறங்கிவிடும். மழையிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து, நானே அந்தக் கல்லின் உயிர்நீரை உறிஞ்சி எடுத்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது இது. பெட்டியிலிருந்து சிலிக்கா ஜெல்லை உடனே எடுத்துவிட்டு, மாதிரியைக் காற்றுப் புகாத சிறிய பிளாஸ்டிக் பெட்டியில், விளக்கின் சூடு படாத இடத்தில் வையுங்கள். பெட்டிக்குள் ஈரப்பதம் 50 முதல் 65 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். வெளுத்த பகுதி ஈரக் காற்றில் மீண்டும் நீலமாகும் என்பது உண்மைதான். ஆனால் அது தூளாகத்தான் நீலமாகும், இழந்த படிக முகம் திரும்பி வராது. தண்ணீர் தெளித்துச் சரிசெய்யலாம் என்று எண்ணவே வேண்டாம்: இந்தக் கனிமம் நீரில் கரையும்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடைகளில் "கால்கந்தைட்" என்ற பெயரில் கிடைக்கும் பெரிய, கூர்மையான, குறையே இல்லாத படிகங்களில் பெரும்பாலானவை செறிவான மயில்துத்தக் கரைசலில் வளர்க்கப்பட்டவை. இயற்கையானது பெரும்பாலும் நார் நாராகவோ, மேலோடாகவோ, சுரங்கச் சுவரிலிருந்து தொங்கும் விழுதாகவோதான் அமையும். வளர்த்ததை வளர்த்தது என்று சொல்லி விற்றால் குற்றமில்லை; அரிய இயற்கை மாதிரி என்ற விலையில் விற்பதுதான் குற்றம்.

வெள்ளைத் தூள் நீலக் கனிமத்திலிருந்து வராமல் அதைத் தாங்கும் தாய்ப்பாறையிலிருந்து வந்தால், அங்கே லாமொன்டைட் இருக்கக்கூடும். தக்காணப் பாறைகளில் காணப்படும் இந்தச் சியோலைட்டும் (தன் கட்டமைப்புக்குள் நீரை வைத்திருக்கும் கனிம வகை) வறண்ட காற்றில் நீரை இழந்து பொடியாகும். அதற்கும் மேலே சொன்ன முறையே பொருந்தும். தூளாக உதிராமல் மெல்லிய வெள்ளைப் படலமாக மட்டும் இருந்து, அண்மையில் லாரித் தண்ணீரிலோ ஆழ்குழாய்த் தண்ணீரிலோ கழுவியிருந்தால், அது நீரில் இருந்த உப்பு காய்ந்து படிந்தது. காய்ச்சி வடித்த நீரில் இரண்டு முறை அலசினால் பெரும்பாலும் நீங்கிவிடும். நீங்காவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். வினிகரோ எலுமிச்சைச் சாறோ உப்புப் படலத்தைக் கரைக்கும் முன் அருகிலுள்ள கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தைக் கரைத்துவிடும்.

கல்லின் அடியில் நீர் கோத்தால்

சயானில் இருக்கும் நண்பர் ஒருவர், என்னைவிட மிக இளையவர், ஒரு ஜூலை இரவில் தொலைபேசியில் அழைத்து, "அண்ணா, கல்லு அழுவுது, வந்து பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கார்ல்ஸ்பாட் பகுதியிலுள்ள பொட்டாஷ் சுரங்கத்திலிருந்து வந்த நீல ஹாலைட் அது. திறந்த அலமாரியில் இருந்தது. அதன் கீழே தேநீர்த் தட்டு அளவுக்கு நீர் கோத்திருந்தது. படிகத்தின் சதுர விளிம்புகள் சப்பிய கற்கண்டு போல மழுங்கியிருந்தன.

ஹாலைட் என்பது நாம் சமையலில் போடும் உப்புதான். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். மும்பையின் மழைக்கால ஈரப்பதம் நாள் கணக்கில் அந்த எல்லைக்கு மேலேயே நிற்கிறது. ஆகவே இந்தக் கல்லுக்குத்தான் சிலிக்கா ஜெல் வேண்டும்; கால்கந்தைட்டுக்கு நஞ்சாக இருந்தது இதற்கு மருந்து. நீரை மெல்லிய காகிதத்தால் ஒற்றி எடுத்து, தேய்க்காமல், புதிய சிலிக்கா ஜெல்லுடன் காற்றுப் புகாத பெட்டியில் மூடுங்கள். சிலிக்கா ஜெல்லின் நிறம் மாறியவுடன் வேறு பொட்டலம் மாற்ற வேண்டும். மழை முடியும்வரை, விருந்தினருக்குக் காட்டுவதற்காகக்கூடப் பெட்டியைத் திறக்காதீர்கள்.

அதே 75 என்ற எண் வேறொரு வகையிலும் உதவும். மலிவான ஈரப்பதமானிகள் பலவும் தவறாகக் காட்டுகின்றன. ஒரு பாட்டில் மூடியில் சாதாரண உப்பைப் போட்டு, சேறு போல நனையும் அளவுக்கு மட்டும் சில துளி நீர் விட்டு, அதையும் ஈரப்பதமானியையும் ஜிப் உறையில் ஒன்றாக மூடி எட்டு மணி நேரம் வையுங்கள். உறைக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். உங்கள் கருவி 69 என்று காட்டினால், இனி அது காட்டும் எண்ணோடு 6 கூட்டிப் படியுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஈரப்பத எண்களை நம்பி முடிவெடுப்பதில் பொருள் இல்லை.

நீலம் நாளுக்கு நாள் கறுத்தால்

இது அநேகமாக விவியனைட். தோண்டி எடுத்த நொடியில் நிறமில்லாமலோ மிக வெளிர் நிறத்திலோ இருக்கும் இந்த இரும்புக் கனிமம், ஒளியும் காற்றும் பட்டபின் நீலமாகிறது. மேலும் பட்டால் கரும்பச்சையாகி, முடிவில் கறுக்கிறது. நாம் விரும்பி வாங்கும் அந்த நீலமே, பாதி வழியில் நிற்கும் ஒரு மாற்றம்தான். மாறிய இரும்பை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர வீட்டில் எந்த வழியும் இல்லை. ஆகவே சிகிச்சையைத் தேடாமல், மாற்றத்தை அந்த நிலையிலேயே நிறுத்தப் பாருங்கள்: ஒளி புகாத பெட்டி, இறுகிய மூடி, ஆண்டுக்குச் சில நிமிடப் பார்வை. நகத்தால் கீறினாலே கீறல் விழும் அளவுக்கு மென்மையானது; ஒரு திசையில் ஏடு ஏடாகப் பிளக்கவும் செய்யும். இதைக் கழுவ முயலவே கூடாது.

தூள் இல்லை, ஈரம் இல்லை, நிறம் மட்டும் மங்கினால்

மேற்குப் பார்த்த சன்னலருகே வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். மடகாஸ்கரிலிருந்து வரும் வான நீலச் செலஸ்டைட், நீண்ட நாள் கடும் வெயிலிலும் சூட்டிலும் வெளுக்கக்கூடியது. மாக்சிக்ஸே வகைப் பெரில் இன்னும் மோசம்: பிரேசிலின் மினாஸ் ஜெரைஸ் மாநிலத்தில் 1917-இல் கிடைத்த அந்தக் கருநீலக் கல் பகலொளியிலேயே நிறம் இழப்பதால் பெயர் பெற்றது. அசாதாரணக் கருநீலத்தில் "அக்வாமரைன்" (பெரிலின் வெளிர்நீல ரத்தின வகை) என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

மங்கல் உண்மையா, கண்ணின் மயக்கமா என்று தெரிய, பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். படம் இல்லையென்றால் கல்லைத் திருப்பி, இதுவரை வெளிச்சம் படாத அடிப்பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடி நீலமாகவும் மேல் வெளிறியும் இருந்தால் குற்றவாளி ஒளிதான். கல்லை உள்ளே மாற்றுங்கள். சூடேறும் ஹாலோஜன் விளக்கை நீக்கி, எல்.இ.டி. விளக்கைப் பார்க்கும் நேரத்துக்கு மட்டும் போடுங்கள். போன நிறம் போனதுதான்.

அசுரைட்டில் பச்சை படர்ந்தால்

இந்த அச்சத்துடன் வருபவர்களில் பெரும்பாலோருக்கு நான் சொல்லும் பதில், ஒன்றும் செய்யாதீர்கள் என்பதே. அசுரைட் நீரை ஏற்று, கரியமில வாயுவை விட்டு, மாலகைட் என்ற பச்சைக் கனிமமாக மாறும் என்பது உண்மை. ஆனால் அந்த மாற்றம் பெரும்பாலும் மண்ணுக்குள், நெடுங்காலத்தில் நடந்து முடிந்தது. நமீபியாவின் சுமேப் சுரங்கத்திலிருந்தும் மொராக்கோவின் துயிசித் சுரங்கத்திலிருந்தும் வந்த புகழ்பெற்ற மாதிரிகள் பலவற்றில், பாதி நீலமாகவும் பாதி பச்சையாகவும் நிற்கும் அந்த இடைநிலையைத்தான் விலை கொடுத்து வாங்குகிறார்கள். வாங்கிய நாளின் படத்தை எடுத்துப் பார்த்தால் பச்சை அன்றே இருந்திருக்கும். புதிய விளக்கு போட்ட பிறகுதான் கண்ணில் பட்டிருக்கும்.

படத்தில் இல்லாத பச்சை உண்மையிலேயே புதிதாக வந்திருந்தால், அருகில் என்ன புகைகிறது என்று தேடுங்கள். ஒட்டுப்பலகையிலும் துகள் பலகையிலும் செய்த புதிய அலமாரிகள் பல மாதங்களுக்கு அமில ஆவியை விடும். மூடிய தட்டைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்தப் புளித்த வாடையே அதற்குச் சாட்சி. கால்சைட்டும் ஈயக் கனிமங்களும் அசுரைட்டும் அந்த ஆவியில் கெடும். வண்ணம் பூசி நன்றாகக் காய்ந்த இரும்பு பீரோ இவற்றுக்குப் பாதுகாப்பானது. நம் பெற்றோர் நகையும் பத்திரமும் வைத்த அந்தப் பழைய பீரோவையே நான் கனிமங்களுக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

கண்ணாடி துடைக்கும் திரவத்திலும் எச்சரிக்கை தேவை. அவற்றில் சிலவற்றில் அம்மோனியா கலந்திருக்கிறது. அம்மோனியா செம்புக் கனிமங்களைக் கரைக்கும். அலமாரிக் கதவைத் துடைப்பதானால் கல்லை வெளியே எடுத்துவிட்டு, வெறும் நீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த பின் உள்ளே வையுங்கள். வீட்டு வேலைக்கு உதவுபவரிடமும் இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நம் பொறுப்பு.

பஞ்சில் நீலம் ஒட்டினால்

அசிட்டோன், அதாவது நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் பொதுவாக இருப்பது, ஒரு துளி நனைத்த காதுக்குச்சியை கல்லின் அடிப்பக்கத்தில் மெல்ல அழுத்திப் பாருங்கள். பஞ்சு நீலமானால் அது சாயம். வெள்ளை ஹவ்லைட்டைச் சாயமேற்றி ஃபிரோசா (டர்க்காய்ஸ்) என்று விற்பதும், வெளிறிய லாபிஸைச் சாயத்தில் ஊறவைத்து ஆழ்நீலமாக்குவதும் பழைய வழக்கம். ஆனால் பஞ்சு நிறம் மாறவில்லை என்பதாலேயே கல் உண்மையானது என்று முடிவு செய்துவிடாதீர்கள். மேலே மெழுகோ பிசினோ பூசியிருந்தால் சாயம் வெளியே வராது. உருப்பெருக்கியில் பாருங்கள். சாயம் விரிசல்களிலும் துளைகளிலும் தேங்கிக் கருநீலக் கோடுகளாக நிற்கும். இயற்கை நிறம் அப்படி விரிசலைத் தேடி ஓடாது.

நம் பகுதியின் ஓக்கனைட்டுக்கு இந்தச் சோதனையே கூடாது. பருத்திப் பஞ்சுருண்டை போலப் பாறைப் பொந்துக்குள் வளரும் அந்த இழைகள் இயற்கையில் வெள்ளை. நீல ஓக்கனைட் என்று பார்த்தால், அது சாயம் போட்டது என்றே முடிவு செய்யலாம். விரலோ திரவமோ பட்டால் இழைகள் படிந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு எழும்பாது. தூசியை அகற்றவும் தூரிகையைப் பயன்படுத்தாமல், ரப்பர் ஊதுகுமிழால் தொலைவிலிருந்து மெல்லக் காற்றை விடுவதே சரி.

கேவன்சைட் உதிர்ந்தால், ஆடினால், அடியில் பளபளத்தால்

நீலக் கனிமம் சேர்க்கும் எவருக்கும் கேவன்சைட் இல்லாமல் சேகரிப்பு நிறைவதில்லை. அதிலும் மும்பைவாசிகளான நமக்கு அது பக்கத்து ஊர்க் கல். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கண்டறியப்பட்டு, 1973-இல் அறிவியலாளர்களால் விவரிக்கப்பட்ட இந்தக் கனிமத்தின் பெயர், அதிலுள்ள கால்சியம், வனேடியம், சிலிக்கன் ஆகியவற்றின் முதலெழுத்துகளைக் கோத்து அமைந்தது. ஆனால் உலகம் போற்றும் மாதிரிகள் எல்லாம் புணேவுக்குக் கிழக்கே வாகோலியிலுள்ள கல்குவாரிகளிலிருந்து வந்தவை. ஸ்டில்பைட் என்ற வெள்ளைச் சியோலைட்டின் மேல், கதம்பப் பூவை உதறினாற்போல ஆழ்நீல ஊசிகள் உருண்டையாகக் குவிந்திருக்கும். இதே வேதிச் சேர்க்கையும் வேறு படிக அமைப்பும் கொண்ட பென்டகோனைட் இன்னும் அரிது. அது உருண்டையாகக் குவியாமல் நீண்ட பட்டை ஊசிகளாக நிற்கும்.

கேவன்சைட்டின் கடினத்தன்மை, 1 முதல் 10 வரை செல்லும் மோஸ் அளவில் 3 முதல் 4 வரைதான். ஊசிகள் மெலிந்தவை, அடியில் ஒரு புள்ளியில்தான் பற்றியிருக்கும். பெட்டிக்குள் நீலத் துணுக்குகள் கிடந்தால், முதலில் பஞ்சைச் சந்தேகியுங்கள். பஞ்சில் பொதிந்து அனுப்புவதுதான் இந்தக் கல்லுக்கு நாம் செய்யும் பெரிய தீங்கு. இழைகள் ஊசிகளில் சிக்கிக்கொள்கின்றன, எடுக்கும்போது ஊசிகளைப் பிடுங்கிக்கொண்டு வருகின்றன. நான் இப்போது பின்பற்றும் முறை இது: தாய்ப்பாறையின் அடிப்பகுதியைப் பெட்டியின் தரையோடு பிசைமத்தால் (களிமண் போலப் பிசைந்து ஒட்டும் பொருள்) அசையாமல் பொருத்துவேன், நீலப் பகுதியைச் சுற்றிலும் மேலும் வெற்றிடம் விடுவேன், அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள் காகிதச் சுருள்களின் நடுவே வைப்பேன். எதுவும் படிகத்தைத் தொடாது. இப்படிக் கட்டி, மழையில் குண்டும் குழியுமாகக் கிடந்த சாலையில் புணேயிலிருந்து பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்த மாதிரி, ஒரு ஊசிகூட இழக்காமல் வீடு சேர்ந்தது. பிசைமத்தை நீண்ட காலம் பாறையிலேயே விடாதீர்கள்; அதன் எண்ணெய் நுண்துளைகளில் ஊறிக் கறை பிடிக்கும்.

ஒரு முழு உருண்டையே ஆடினால் விஷயம் வேறு. உதிர்ந்த கேவன்சைட் உருண்டைகளை வெறும் ஸ்டில்பைட்டின் மேல் ஒட்டி விற்பவர்கள் உண்டு. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாபாரியிடம் வாங்கிய மாதிரியில், உருண்டையைச் சுற்றி வளையம் போல மெல்லிய வெண்படலம் இருப்பதைக் கண்டேன். தூசி என்று எண்ணித் தூரிகையால் தடவினேன், போகவில்லை. இருட்டில் புற ஊதா டார்ச்சைக் காட்டியபோது, உருண்டைக்கும் பாறைக்கும் இடையே வெளிர்நீலமாக ஒரு கோடு ஒளிர்ந்தது. உடனடிப் பசை காயும்போது அதன் ஆவி அருகில் படிந்து இப்படி வெண்படலமாகும். கால்சைட்டும், இதே பொந்துகளில் வளரும் அபோஃபிலைட் என்ற கனிமத்தில் சிலவும் புற ஊதா ஒளியில் தாமாகவே ஒளிரக்கூடியவை என்பதால், ஒளிர்வதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒளிரும் பகுதி படிக முகத்தின் வடிவில் இருக்கிறதா, அல்லது வழிந்த துளியின் வடிவில் இருக்கிறதா என்று பாருங்கள். இயற்கையாக வளர்ந்த இடத்தில் ஸ்டில்பைட்டின் ஏடுகள் நீல ஊசிகளுக்குள் ஊடுருவி நிற்கும். ஒட்டிய இடத்தில் உருண்டை மேலே வெறுமனே உட்கார்ந்திருக்கும்.

உண்மையான மாதிரியிலிருந்து ஒரு உருண்டை கழன்று, அதன் இடமும் உங்களுக்குத் தெரிந்திருந்தால், அருங்காட்சியகப் பாதுகாவலர்கள் பயன்படுத்தும் பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் கரைத்து, ஊசி முனையளவு வைத்து ஒட்டலாம். அசிட்டோன் தொட்டால் அது மீண்டும் கழன்றுவரும். நாளை நம்மைவிட நன்றாகத் தெரிந்த ஒருவர் திருத்திக்கொள்ள அந்த வழி திறந்தே இருக்க வேண்டும். உடனடிப் பசையும் எபாக்சியும் அந்த வழியைக் கடினமாக்குகின்றன அல்லது அடைத்துவிடுகின்றன. ஒட்டியதைச் சீட்டில் எழுத மறக்காதீர்கள்.

அழுக்கு நீங்க வேண்டுமானால் காய்ச்சி வடித்த நீரில் மெல்ல முக்கி எடுத்து, நிழலில், மின்விசிறிக் காற்றில் காய விடுங்கள். முடி உலர்த்தும் கருவி கூடாது: ஸ்டில்பைட் சூட்டில் தன் நீரை இழந்து பளபளப்பு குன்றும், உடன் இருக்கும் அபோஃபிலைட் ஏடாகப் பெயரும், அதன் பெயருக்கே அதுதான் பொருள். அதிர்வலையால் கழுவும் நகைக்கடைத் தொட்டியில் போட்டால் ஊசிகள் தொட்டியில்தான் மிஞ்சும். அமிலம் எதுவும் வேண்டாம்.

நல்ல கேவன்சைட் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்க, நாசிக்குக்கு அருகே சின்னாரிலுள்ள கார்கோட்டி கனிம அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். கையில் எடுக்க முடியாவிட்டாலும், உருண்டை பாறையோடு சேரும் அந்த அடிக்கோட்டை மட்டும் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு வந்தால், பிறகு போலி கண்ணுக்குத் தானாக உறுத்தும்.

லாபிஸில் சாம்பல் பூத்தால்

மாட்டுங்காவில் எங்கள் உறவுக்கார மாமி, கணவர் காபூலில் வேலை பார்த்தபோது வாங்கி வந்த லாபிஸ் பாளம் ஒன்றை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வைத்திருக்கிறார். "கல்லுல என்னமோ பூத்திருக்கு, பாருப்பா" என்று கொடுத்தார். ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் பகுதியிலுள்ள சரிசங் சுரங்கத்து லாபிஸில் பொற்றூள் தூவியது போல மின்னுவது பைரைட். அது இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. பெரும்பாலும் அது நிலையாகவே இருக்கும். ஆனால் சில மாதிரிகளில், காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நீடித்தால், பைரைட் சிதைந்து சாம்பல் வெள்ளை உப்பாகப் பூத்து, கந்தக அமிலத்தையும் உண்டாக்கும். அமிலம் பட்டால் லாபிஸின் நீலமே சிதைந்து, அழுகிய முட்டை வாடை எழும்.

பூசணமா, பைரைட் நோயா என்று பிரித்தறிய, கல்லின் கீழிருந்த காகிதத்தைப் பாருங்கள். பூசணம் காகிதத்தின் மேல் புள்ளிப் புள்ளியாகப் பரவும்; அமிலமோ கல் தொட்ட இடத்தை மட்டும் பழுப்பாக்கி, தொட்டால் நொறுங்கும்படி அரித்துவிடும். மாமியின் பெட்டியிலிருந்த சீட்டு, கல் பட்ட இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது. உப்பை உலர்ந்த தூரிகையால் நீக்கி, நீர் காட்டாமல், சிலிக்கா ஜெல்லுடன் தனிப் பெட்டியில் மூடினோம். தனிப் பெட்டி என்பதை அழுத்திச் சொல்கிறேன்: அந்த அமிலம் பக்கத்துக் கல்லையும் தின்னும். அமிலத்தைச் சமன்படுத்த அம்மோனியா ஆவி காட்டும் முறையும் உண்டு. அசுரைட்டும் மயில்துத்தமும் இருக்கும் அறையில் அதை நான் செய்ய மாட்டேன்.

சாம்பல் வெறும் பூசணமாக இருந்தால் கல்லுக்குக் கேடில்லை. பூசணம் தின்பது அட்டைப் பெட்டியையும் பஞ்சையும் சீட்டையும்தான். பெட்டியை மாற்றி, புதிய சீட்டில் கனிமத்தின் பெயர், கிடைத்த இடம், வாங்கிய ஆண்டு, ஒட்டிய அல்லது கழுவிய விவரம் ஆகியவற்றைப் பென்சிலில் எழுதி, கல்லைத் தொடாதபடி சிறிய பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். பேனா மை ஒரே மழைக்காலத்தில் கசிந்துவிடும்.